மூன்றாம் வருடமும் எரிய வேண்டும்

வாசகர் கேள்வி – பதில்

மின்கம்பி எட்டாத வீடுகளுக்குச் சூரிய விளக்கு கொண்டுபோகும் தொண்டு அமைப்புகளுக்கு எப்படி உதவுவது என்று கேட்டு வந்த கடிதங்களில் எட்டை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டோம்.

எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர் குழு 1 லட்சம் ரூபாய் திரட்டியிருக்கிறது. மலாவி நாட்டில் இருட்டில் படிக்கும் பிள்ளைகளுக்காக என்று சொல்லித்தான் திரட்டினோம். இங்கேயே மொத்த விலைக்கு சோலார் விளக்கு வாங்கி அனுப்பலாமா, பணமாகக் கொடுக்கலாமா?
– வாசகர், சிவகாசி

பணமாகவே கொடுங்கள். விளக்குக்குள் லித்தியம் பேட்டரி இருக்கிறது. விமானச் சரக்கில் அது அபாயப் பொருள். பரிசோதனைச் சான்று கேட்பார்கள், பெட்டிக்குத் தனி முத்திரை வேண்டும், சார்ஜ் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. கப்பலில் அனுப்பலாம் என்றால் மலாவிக்குக் கடற்கரையே கிடையாது. மொசாம்பிக் அல்லது தான்சானியாவின் துறைமுகத்தில் இறக்கி, லாரியில் எல்லை தாண்ட வேண்டும். சரக்கை யார் பெயரில் எடுப்பது, சுங்கவரி யார் கட்டுவது என்பதற்கெல்லாம் அங்கே ஆள் வேண்டும். 1 லட்சத்தில் நல்ல பங்கு வழியிலேயே கரைந்துவிடும். இத்தனையும் தாண்டி விளக்கு போய்ச் சேர்ந்தாலும், ஒரு சுவிட்ச் உடைந்தால் அந்த சுவிட்ச் தலைநகர் லிலாங்வேயின் கடைத்தெருவில் கிடைக்காது.

அங்கே இந்த வேலையைச் செய்யும் அமைப்புகளில் நன்கு அறியப்பட்டது சோலார்எய்ட். 2006-இல் பிரிட்டனில் தொடங்கப்பட்டது. சன்னிமணி என்ற தன் வணிக அமைப்பின் வழியாக மலாவியிலும் சாம்பியாவிலும் விளக்குகளை மக்களிடம் சேர்க்கிறது. இதுவரை 20 லட்சத்துக்கு மேல் சேர்த்திருக்கிறது. ஒரே வகை விளக்கை ஆயிரக்கணக்கில் வாங்குவதால் விலையும் குறையும், உதிரிபாகமும் கிடைக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நன்கொடைத் துண்டறிக்கைகளில் எப்போதும் மண்ணெண்ணெய்ச் சிமினி விளக்குதான் படமாக வரும். மலாவிக் கிராமங்களில் இப்போது அதிகம் எரிவது அதுவல்ல, பேட்டரிக் கட்டை போட்ட மலிவு எல்இடி டார்ச். புகை இல்லை என்பது நல்லதுதான். ஆனால் கட்டை வாங்கியே காசு கரைகிறது, தீர்ந்த கட்டைகள் முற்றத்திலும் கழிப்பறைக் குழியிலும் விழுகின்றன. அதனால் ‘ஒரு விளக்கு இத்தனை லிட்டர் மண்ணெண்ணெயை மிச்சப்படுத்துகிறது’ என்று ஓர் அமைப்பு கணக்குச் சொன்னால், அந்தக் கணக்கு எந்த ஊரில், எந்த வருடம் எடுத்தது என்று கேளுங்கள். திரி விளக்கு இன்னும் எரிகிற இடங்களில் மாற்றுவதன் பலன் உண்மையிலேயே பெரிது. எரியும் மண்ணெண்ணெயில் 7 முதல் 9 சதவீதம் வரை கரும்புகைத் துகளாகவே வெளியேறுகிறது என்று 2012-இல் வெளிவந்த அளவீடு காட்டியது.

குழு பெயரில் திரட்டிய பணத்தை வெளிநாட்டுக்கு அனுப்புவது, தனிநபர் அனுப்புவதைப் போல எளிதல்ல. ரிசர்வ் வங்கியின் தாராளப் பணப்பரிமாற்றத் திட்டம் தனிநபர்களுக்கு மட்டுமே. ஆளுக்கு ஆள் தங்கள் கணக்கிலிருந்து நேரடியாகக் கொடுப்பதே சிக்கலில்லாத வழி. வெளிநாட்டு அமைப்புக்குக் கொடுத்ததற்கு இங்கே வரிச்சலுகை கிடைக்காது.

நன்கொடையும் வாங்கிக்கொண்டு, ஏழைகளிடம் விளக்கைக் காசுக்கு விற்கிறார்களாமே? இது என்ன தர்மம்?
– வாசகி, கும்பகோணம்

கோபம் நியாயம்தான். ஆனால் கணக்கு வேறு. விளக்கின் விலையை வாங்குபவர் கொடுக்கிறார். அது அவர் கைக்கு வந்து சேரும் செலவை நன்கொடை ஏற்கிறது. சன்னிமணி பல வருடமாகச் செய்த முறையைப் பாருங்கள். ஒரு மாவட்டத்தின் தலைமை ஆசிரியர்களைக் கூட்டி விளக்கைக் காட்டுவார்கள். அவர்கள் பள்ளியில் பெற்றோரிடம் சொல்லி ஆர்டர் எடுப்பார்கள். ஊர்பேர் தெரியாத வியாபாரி சொன்னால் நம்பாதவர்கள் வாத்தியார் சொன்னால் நம்புவார்கள். கூட்டத்துக்கும் போக்குவரத்துக்கும், உத்தரவாதக் காலத்தில் பழுதானதை மாற்றிக் கொடுப்பதற்கும் ஆகும் செலவு விற்பனையில் திரும்பி வராது. அங்கேதான் உங்கள் பணம் போகிறது.

இலவசமாகக் கொடுத்தால் என்ன ஆகும்? அந்த ஊர்ச் சந்தையில் சோலார் விளக்கு விற்றுப் பிழைத்தவர் கடையை மூடுவார். அடுத்த வருடம் இலவச விளக்கு பழுதாகும்போது சரிபார்க்க அவர் இருக்க மாட்டார். கொடுத்த அமைப்பும் வேறு மாவட்டத்துக்குப் போயிருக்கும். வெள்ளம், புயல், அகதி முகாம் என்றால் இலவசம்தான் சரி, அங்கே சந்தை என்று ஒன்று இல்லை.

விற்பனைக்கும் எல்லை உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. மலாவியில் மழைக்காலம் நவம்பரில் தொடங்கும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை வீட்டில் சோளம் தீர்ந்துபோகும் பசிக்காலம். அறுவடை முடிந்த பிறகுதான் கையில் காசு புரளும். ஐந்து டாலர் விளக்கைக்கூட மொத்தமாக வாங்க முடியாத வீடுகள் நிறைய. அவர்களுக்காகச் சோலார்எய்ட் ஒரு கிராமத்தின் எல்லா வீட்டிலும் விளக்கைப் பொருத்திவிட்டு, பயன்பாட்டுக்கு மட்டும் சிறு கட்டணம் வாங்கும் முறையைத் தொடங்கியது. நம்மூர் கேபிள் டிவி மாதிரி. கருவி அமைப்பினுடையது, பழுதானால் மாற்றுவதும் அதன் பொறுப்பு. குடும்பத்துக்குப் பேட்டரி பற்றிய கவலையே இல்லை.

ராஜஸ்தானில் திலோனியாவில் பங்கர் ராய் 1972-இல் தொடங்கிய வெறுங்கால் கல்லூரி இதையே இன்னொரு விதமாகச் செய்கிறது. கிராமம் ஒரு குழு அமைக்க வேண்டும், வீட்டுக்கு வீடு மாதக்கட்டணம் தர ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு அந்தக் கிராமத்திலிருந்தே ஒரு பெண், பெரும்பாலும் பேரன் பேத்தி எடுத்தவர், வந்து ஆறு மாதம் பயிற்சி எடுப்பார். எழுத்தறிவு தேவையில்லை, பாகங்களை நிறத்தை வைத்து அடையாளம் காணக் கற்றுக்கொள்வார். ஊர் திரும்பியதும் மாதக்கட்டணத்திலிருந்து அவருக்குச் சம்பளம். இளைஞர்களை அனுப்பினால் சான்றிதழோடு நகரத்துக்குப் போய்விடுவார்கள் என்ற அனுபவத்தில் பிறந்த ஏற்பாடு இது.

மூன்று முறைகளில் எதற்கு வேண்டுமானாலும் கொடுங்கள். கொடுக்கும் முன் ஒன்று மட்டும் கேளுங்கள்: பேட்டரி செத்த பிறகு யார் வருவார்கள், யார் காசில் வருவார்கள்? பதில் தெளிவாக வராத இடத்தில் எங்கள் பணத்தை நாங்கள் போட மாட்டோம்.

ஒரு தொண்டு அமைப்புக்கு 200 விளக்கு வாங்கித் தர எங்கள் நிறுவனம் ஒப்புக்கொண்டிருக்கிறது. ‘20 வாட், 30 மணி நேரம் எரியும்’ என்று ஆளாளுக்கு விளம்பரம் செய்கிறார்கள். எதை நம்பி வாங்குவது?
– வாசகர், ஓசூர்

அட்டைப்பெட்டியில் இருக்கும் வாட்டை மறந்துவிடுங்கள். கேட்க வேண்டியவை மூன்று: எத்தனை லூமென் வெளிச்சம், பேட்டரி எத்தனை வோல்ட் எத்தனை ஆம்பியர்-ஹவர், பேனல் எத்தனை வாட்.

ஒரு மெழுகுவத்தி ஏறத்தாழ 12 லூமென். ஒரு பிள்ளை உட்கார்ந்து படிக்க 100 லூமென் இருந்தால் வசதி. இன்றைய எல்இடி ஒரு வாட்டுக்கு 100 லூமெனாவது தரும், ஆகவே 1 வாட் போதும். பேட்டரி 3.2 வோல்ட், 1.5 ஆம்பியர்-ஹவர் என்றால் பெருக்கினால் 4.8 வாட்-ஹவர் (1 வாட் விளக்கை ஒரு மணி நேரம் எரிப்பது 1 வாட்-ஹவர்). இழப்பு போக 4 மிஞ்சும். முழு வெளிச்சத்தில் 4 மணி நேரம். இதே விளக்கை ‘30 மணி நேரம்’ என்று விற்றால் அவர் பொய் சொல்லவில்லை, நாலை முப்பதால் வகுத்திருக்கிறார். 0.13 வாட், அதாவது ஒரு மெழுகுவத்தி வெளிச்சம்.

அடுத்து பேனல். ஒரு நாளில் பயன்படும் வெயில் நாலரை மணி நேரம் என்று வையுங்கள். தூசி, சாய்வு, கம்பி, சூடு எல்லாம் போக 60 சதவீதம்தான் பேட்டரிக்குப் போகும். 2.5 வாட் பேனல் என்றால் 6.75 வாட்-ஹவர், மேகமான நாளிலும் ஓரளவு ஈடுகட்டும். 1 வாட் பேனல் என்றால் 2.7 வாட்-ஹவர்தான். பேட்டரி ஒருநாளும் நிறையாது. மலிவு விளக்குகளில் மிச்சம் பிடிக்கும் இடம் பெரும்பாலும் பேனல்தான். கடையில் எரிய வைத்துக் காட்டும்போது அது தெரியாது.

பேட்டரி வகையைக் கட்டாயம் கேளுங்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்றால் 2,000 முறை அளவுக்கு ஏறி இறங்கும், சூட்டையும் தாங்கும். 3.7 வோல்ட் சாதாரண லித்தியம் செல் அதில் நாலில் ஒரு பங்குதான் தாங்கும். பழைய எமர்ஜென்சி விளக்கில் வரும் சீல் செய்த ஈய பேட்டரி, அரைகுறை சார்ஜில் கிடந்தால் ஒரு வருடத்தில் போய்விடும். விரல் தடிமன் உருளைச் செல்லின் மேல் 9,800 என்று அச்சடித்திருந்தால் அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். அந்த அளவு உருளையில் தரமான செல்லுக்கே 3,500 மில்லி ஆம்பியர்-ஹவர் அளவுதான் அடங்கும். எடை போட்டுப் பார்ப்பதும் நல்ல சோதனை. அசல் செல் 45 கிராமுக்குக் குறையாது, போலி பஞ்சு மாதிரி இருக்கும்.

விளக்கின் தலையிலேயே பேனல் ஒட்டிய மாடல் பார்க்க அழகு. ஆனால் சார்ஜ் ஏற விளக்கையே வெயிலில் வைக்க வேண்டும். பேட்டரி வெந்துபோகும், மழை வந்தால் ஓட வேண்டும், திருட்டுப் பயத்தில் யாரும் வெளியே வைக்கவும் மாட்டார்கள். பேனல் தனியாகவும், 3 முதல் 5 மீட்டர் வயரோடும் இருப்பதை வாங்குங்கள். கூரையில் பேனல், நிழலில் விளக்கு.

உலக வங்கிக் குழுமத்தின் லைட்டிங் குளோபல் திட்டம் நடத்திய தரச் சோதனை, 2020 முதல் வெராசோல் என்ற பெயரில் நடக்கிறது. 2,000 மணி நேரம் எரிந்த பிறகும் முதல் நாள் வெளிச்சத்தில் 85 சதவீதம் இருக்க வேண்டும், விளம்பரத்தில் சொன்னது உண்மையாக இருக்க வேண்டும், குறைந்தது ஒரு வருட உத்தரவாதம் வேண்டும் என்பன அதன் அடிப்படை நிபந்தனைகள். தேறிய மாடல்களின் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. பட்டியலில் இருந்தாலும் 200-க்கு ஆர்டர் போடும் முன் இரண்டை வாங்கி, மூன்று நாள் வெயிலில் சார்ஜ் ஏற்றி, அதிக வெளிச்சத்தில் எத்தனை மணி நேரம் எரிகிறது என்று கடிகாரம் வைத்துக் குறியுங்கள். மேசை உயரத்திலிருந்து இரண்டு முறை கீழே போடுங்கள். பின்பக்கத்தைப் பாருங்கள்: திருகாணி போட்டிருந்தால் பேட்டரி மாற்றலாம், பசை போட்டு ஒட்டியிருந்தால் தூக்கிப்போடத்தான்.

விளக்கு கொடுத்தால் பிள்ளைகளின் மதிப்பெண் கூடுமா? எங்கள் சங்கத்தின் அறிக்கையில் அப்படி எழுதலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

எழுதாதீர்கள். வங்கதேசத்தில் மாணவர்களுக்கு விளக்கு கொடுத்து முறையாக ஆராய்ந்தார்கள். இரவில் படிக்கும் நேரம் தொடக்கத்தில் கூடியது, தேர்வு மதிப்பெண் கூடவில்லை. உகாண்டாவில் நடந்து 2014-இல் வெளிவந்த சிறு ஆய்வு இன்னும் வியப்பு. படிக்கும் நேரம் கூடியும் மதிப்பெண் சற்று குறைந்தது. சரியாகச் சார்ஜ் ஏறாத விளக்கு மினுக்கியது காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளரே குறிப்பிட்டார். மேலே பேனல் கணக்கை இவ்வளவு நீட்டிச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

மண்ணெண்ணெய்க்கும் பேட்டரிக் கட்டைக்கும் ஆகும் செலவு குறைகிறது, கைப்பேசி சார்ஜ் போட அடுத்த ஊருக்கு நடக்க வேண்டியதில்லை, இரவில் சமையலும் பிரசவமும் எளிதாகின்றன, பாம்புப் பயம் குறைகிறது. இவற்றை எழுதுங்கள், யாரும் மறுக்க முடியாது.

எங்கள் சங்கம் இரண்டு வருடத்துக்கு முன் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு குடியிருப்பில் 18 வீடுகளுக்கு 40 வாட் பேனல், 12 வோல்ட் ஈய பேட்டரி, 3 வாட் விளக்கு மூன்று என்று வைத்துக் கொடுத்தது. இப்போது 11 வீட்டில் எரியவில்லை. பேட்டரி எல்லாவற்றையும் மாற்றிவிடலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

இப்போதே வாங்காதீர்கள். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புது பேட்டரி போட்டால் அடுத்த வருடம் அதையும் மாற்றுவீர்கள். ஒரு மல்டிமீட்டர், திருப்புளி, ஈரத்துணி, ஒரு நோட்டு. வெயில் அடிக்கும் ஒரு நாள் போதும்.

முதலில் மீட்டரைப் பையிலேயே வைத்துவிட்டு வீட்டில் இருப்பவர்களிடம் பேசுங்கள். விளக்கைத் தவிர வேறு என்ன மாட்டினார்கள்? டிடிஎச் பெட்டி, சின்ன மின்விசிறி, பாட்டுப் பெட்டி என்று ஏதாவது வரும். அடுத்து சார்ஜ் கன்ட்ரோலரைப் பாருங்கள். பேட்டரி இறங்கியதும் விளக்கை அணைத்துவிடுவது அதன் வேலை. திருவிழா நாளில் அணைந்துவிட்டது என்று யாரோ வயரை நேராக பேட்டரியில் முறுக்கியிருப்பார்கள். ஈய பேட்டரியை அடிவரை இறக்கி நாலு நாள் அப்படியே விட்டால் தகட்டில் சல்பேட் இறுகிவிடும், பிறகு ஏறாது. யாரையும் திட்ட வேண்டாம். வீட்டின் தேவை வளர்ந்துவிட்டது, நாம் கொடுத்தது வளரவில்லை.

பிறகு பேனல். உச்சி வெயிலில் கன்ட்ரோலரிலிருந்து பேனல் வயரைக் கழற்றி அளந்தால் 20-இலிருந்து 22 வோல்ட் வரை காட்ட வேண்டும். மீட்டரை 10 ஆம்பியருக்கு மாற்றி இரண்டு முனையிலும் வைத்தால் 2 ஆம்பியருக்கு மேல் வர வேண்டும். வோல்ட் சரியாக இருந்து ஆம்பியர் அரைதான் என்றால் நிழல் அல்லது அழுக்கு. கட்டங்கள் எல்லாம் ஒரே சங்கிலியாகக் கோக்கப்பட்டவை என்பதால், ஒரு கட்டத்தின் மேல் ஒரு தேக்கிலை விழுந்தாலே முழுப் பேனலும் சுணங்கும். அடுப்புப் புகை போகும் பக்கம் பேனலை வைத்திருந்தால் கரிப்படலம் படியும், வெறும் தண்ணீரில் போகாது, சோப்பு நீர் வேண்டும். வைத்த அன்று சின்னதாக இருந்த மரக்கிளை இரண்டு வருடத்தில் வளர்ந்திருக்கும், அதையும் பாருங்கள். நம்மூரில் பேனல் தெற்கு பார்த்து 10 முதல் 15 டிகிரி சாய்வில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே படுக்க வைத்தால் மழை தூசியைக் கழுவாது. மலாவி, சாம்பியா போகும் நம்மூர்த் தன்னார்வலர்கள் பழக்கத்தில் அங்கேயும் தெற்கு பார்த்து வைத்துவிடக்கூடும். அங்கே வடக்கு.

வயர். கூரையிலிருந்து கன்ட்ரோலருக்கு 10 மீட்டர் தூரம் என்றால் போக வர 20 மீட்டர். 1 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டிருந்தால் 2.2 ஆம்பியர் ஓடும்போது 0.8 வோல்ட் வழியிலேயே தொலையும். 2.5 சதுர மில்லிமீட்டரில் 0.3 வோல்ட் அளவுதான் போகும். எலி கடித்த இடம், முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு இரண்டையும் தேடுங்கள். இணைப்பில் கை வைத்தால் சுடுகிறது என்றால் அங்கேதான் கோளாறு.

கடைசியில்தான் பேட்டரி. டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சமையல் சோடா கரைத்த நீரால் துடைத்து, காய்ந்ததும் இறுக்கி, வாசலின் தடவுங்கள். பாதி வீடுகள் இதிலேயே எரிய ஆரம்பித்தாலும் ஆச்சரியமில்லை. தண்ணீர் ஊற்றும் வகை என்றால் தகடு வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்ற வேண்டும், ஓடைத் தண்ணீர் ஊற்றியிருந்தால் ஆயுள் குறைந்திருக்கும். பேனலையும் விளக்கையும் கழற்றிவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து அளந்தால் 12.6 வோல்ட் என்பது நிறைந்த பேட்டரி, 12.0 என்பது ஏறக்குறைய காலி. நாள் முழுக்க சார்ஜ் ஏறியும் 10.5-ஐத் தாண்டவில்லை என்றால் ஆறு அறையில் ஒன்று போய்விட்டது, அதை மாற்றத்தான் வேண்டும். 12.6 காட்டியும் மூன்று விளக்கையும் ஒரு மணி நேரம் எரித்தால் 11.5-க்குக் கீழே விழுகிறது என்றால் கொள்ளளவு செத்துவிட்டது, வோல்ட் மட்டும் ஏமாற்றுகிறது. கழற்றும்போது முதலில் பேனல், பிறகு பேட்டரி. மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். மாற்றிச் செய்தால் கன்ட்ரோலர் எரிந்துபோகலாம். பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 10 ஆம்பியர் பியூஸ் இல்லாத வீட்டில் முதல் வேலையாக அதைப் போடுங்கள்.

கணக்கையும் சரிபாருங்கள். மூன்று விளக்கு 5 மணி நேரம் எரிந்தால் 45 வாட்-ஹவர், கைப்பேசி 10, மொத்தம் 55. இரண்டு நாள் மேகத்துக்கு 110. ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது என்பதால் 220 வாட்-ஹவர் வேண்டும், அதாவது 12 வோல்ட் 20 ஆம்பியர்-ஹவர். நீங்கள் வைத்தது 7 ஆம்பியர்-ஹவர் பைக் பேட்டரி அளவு என்றால் இரண்டு வருடம் ஓடியதே பெரிது. தென்மேற்குப் பருவத்தில் அந்த மலைகளில் பயன்படும் வெயில் 3 மணி நேரத்துக்கும் கீழே போகும். 40 வாட் பேனல் அப்போதும் ஒருவாறு சமாளிக்கும், டிடிஎச் பெட்டியையும் சேர்த்துச் சமாளிக்காது. புதிதாக வாங்குவதானால் லித்தியம் இரும்பு பாஸ்பேட் 12.8 வோல்ட் 12 ஆம்பியர்-ஹவர் இதே வேலையைச் செய்யும். ஆனால் கன்ட்ரோலரில் அந்த வகைக்கான அமைப்பு இருக்க வேண்டும்.

செத்த பேட்டரியை மாற்றும் முன் ஊர்க்கூட்டம் போட்டு மாதச் சேமிப்பைப் பேசிவிடுங்கள். பேட்டரி 4,000 ரூபாய், நாலு வருடம் வரும் என்றால் 48 மாதம், வீட்டுக்கு மாதம் ஏறக்குறைய 85 ரூபாய். முடியாது என்றால் பாதி அவர்கள், பாதி சங்கம். பணம் அவர்கள் பெயரில், அவர்கள் கையெழுத்தில் இருக்கட்டும்.

பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் கூரையில் செருகினால் பல்பு போல எரியுமாமே?
– மாணவி, திண்டுக்கல்

எரியாது, வெயிலை உள்ளே சிதறவிடும். பிரேசிலில் ஆல்ஃப்ரெடோ மோசர் என்ற மெக்கானிக் 2002-இல் கண்டுபிடித்தது. தண்ணீரில் பாசி பிடிக்காமலிருக்க இரண்டு மூடி பிளீச்சிங் திரவம் சேர்ப்பார்கள். பிலிப்பைன்ஸில் லிட்டர் ஆஃப் லைட் அமைப்பு 2011-இலிருந்து இதைப் பரப்பியது. ஜன்னல் இல்லாத தகரக் கூரை வீட்டில் பகலில் 40 முதல் 60 வாட் குண்டு பல்பு அளவு வெளிச்சம் வரும். சூரியன் சாய்ந்தால் அதுவும் சாயும். கூரையில் பாட்டிலைச் சுற்றி அடைத்தது சரியில்லை என்றால் மழை உள்ளே வரும், கவனம்.

லண்டனில் வசிக்கிறோம். இங்குள்ள அமைப்புக்குக் கொடுப்பதா, தமிழ்நாட்டு மலைக்கிராமத்தில் வேலை செய்யும் அமைப்புக்குக் கொடுப்பதா? எதில் பணம் வீணாகாது?
– வாசகர், லண்டன்

பிரிட்டனில் வரி கட்டுகிறவர் என்றால், அங்கே பதிவுபெற்ற அமைப்புக்குக் கொடுக்கும்போது கிஃப்ட் எய்ட் படிவத்தில் ஒரு குறி போட்டால் போதும். நீங்கள் 1 பவுண்டு கொடுத்தால் அமைப்பு அரசிடமிருந்து 25 பென்ஸ் கூடுதலாகப் பெறும். அமைப்பின் பதிவு எண்ணை அறக்கட்டளை ஆணையத்தின் தளத்தில் தட்டினால் ஐந்து வருட வரவுசெலவு வரும். நிர்வாகச் செலவு சதவீதத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பழுதுபார்ப்பவரின் சம்பளமும் கணக்கில் ‘பணியாளர் செலவு’ என்றுதான் வரும். அது குறைவாக இருப்பது இந்தத் துறையில் நல்ல அறிகுறியல்ல.

இந்திய அமைப்புக்கு என்றால் உங்கள் குடியுரிமைதான் கேள்வி. பிரிட்டிஷ் குடிமகனாகிவிட்டீர்கள் என்றால் உங்கள் பணம் வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்பு மட்டுமே, புது டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அதற்கென வைத்திருக்கும் கணக்கில் வாங்கலாம். உறவினர் கணக்குக்கு அனுப்பி அவர் வழியாகக் கொடுப்பது குறுக்கு வழி. அமைப்பின் பதிவுக்கே ஆபத்து வரும். இந்தியக் கடவுச்சீட்டோடு இருக்கும் வெளிநாடுவாழ் இந்தியர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கடவுச்சீட்டு நகலைச் சேர்த்து அனுப்புங்கள், கணக்கு எழுதுகிறவர் வாழ்த்துவார்.

தமிழ்நாட்டிலிருந்து கொடுப்பவர்களுக்கு: 80ஜி என்று பழகிப்போன நன்கொடை வரிச்சலுகை பழைய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கு மட்டும்தான். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதற்கும் இல்லை. ரசீது போதாது, அமைப்பு வருமானவரித் தளத்திலிருந்து எடுத்துத் தரும் நன்கொடைச் சான்றிதழ் வேண்டும்.

ஐடிஐ எலக்ட்ரீஷியன் நான். கொடுக்கப் பணமில்லை, ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், தருமபுரி

பல அமைப்புகளில் பணத்தைவிடப் பற்றாக்குறை உங்களைப் போன்ற ஆளுக்குத்தான். விளக்கு பொருத்தும் நாளுக்குப் போகாதீர்கள், அன்றைக்குப் படம் எடுக்கவே நிறையப் பேர் வருவார்கள். பொருத்திய ஒரு வாரம் கழித்து ஒரு முறை, ஒரு மாதம் கழித்து ஒரு முறை, பிறகு வருடத்துக்கு இரண்டு முறை: மழைக்கு முன் மே மாதம், மழைக்குப் பின் ஜனவரி. முதல் வாரப் பயணத்தில் தளர்ந்த திருகாணியும் தலைகீழாக மாட்டிய வயரும் அகப்படும்.

ஊரில் இரண்டு பேருக்குக் கற்றுக்கொடுங்கள், ஒருவராவது வெளியூர் வேலைக்குப் போகாத பெண்ணாக இருக்கட்டும். அவர்களுக்குத் தெரிய வேண்டியது நாலுதான்: மீட்டரில் வோல்ட் அளப்பது, பியூஸ் மாற்றுவது, டெர்மினல் துடைப்பது, கழற்றி மாட்டும் வரிசை. கன்ட்ரோலரைத் திறந்து சோல்டரிங் செய்வதெல்லாம் பிறகு. வீட்டு எண், தேதி, வோல்ட், என்ன கோளாறு, என்ன மாற்றியது என்று ஐந்து கட்டம் போட்ட நோட்டு ஒன்று. ஆறு மாதத்தில் அந்த நோட்டைப் புரட்டினால் எந்தப் பாகம் அடிக்கடி போகிறது என்று தெரிந்துவிடும்.

20 வீட்டுக்கு ஊரிலேயே வைக்க வேண்டிய உதிரிபாகப் பெட்டி: எல்இடி பல்பு 10, சுவிட்ச் 10, 10 ஆம்பியர் பியூஸ் 20, சார்ஜ் கன்ட்ரோலர் 3, பேட்டரி 2, இரண்டரை சதுர மில்லிமீட்டர் வயர் 20 மீட்டர், வயர் முனையில் மாட்டும் லக் ஒரு பொட்டலம், டேப், வாசலின், ஈய பேட்டரி என்றால் டிஸ்டில்டு வாட்டர் 5 லிட்டர். அமைப்பு இதற்குத் தனியாகப் பணம் ஒதுக்கவில்லை என்றால், அடுத்த 20 வீட்டில் இரண்டைக் குறைத்துக்கொண்டு இந்தப் பெட்டியை வாங்கச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள், சொல்லுங்கள்.

திரும்பி வரும்போது பழைய பேட்டரியைக் கையோடு எடுத்து வந்துவிடுங்கள். ஈய பேட்டரிக்குக் கடையில் எடைக்குக் காசு தருவார்கள், அதை ஊர்க் கணக்கில் போடுங்கள். உடைத்து ஈயத்தை உருக்குகிறேன் என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். உப்பிய லித்தியம் செல் என்றால் முனைகளில் டேப் ஒட்டி, மணல் நிரப்பிய தகர டப்பாவில் நிமிர்த்தி வைத்துக் கொண்டுவாருங்கள். பைக் பெட்டியில் சாவிக்கொத்தோடு போடக் கூடாது. 2022-இன் பேட்டரிக் கழிவு விதிகளின்படி விற்ற நிறுவனங்களுக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பொறுப்பு இருக்கிறது, வாங்கிய பில்லைக் காட்டிக் கேளுங்கள்.